ஐந்தாம் இதழில் இறந்துபோனவர்

உ

ஆவடி,
20.8.94, சனிக்கிழமை.

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் நைனாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் அறையில் இருக்கிற நர்ஸுப் பெண்களும் ஒரு குறையில்லாமல் இருக்க அந்த முருகனே துணை. உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. வெள்ளை உடுப்பில் கழுத்தெலும்பு தெரிகிறது, டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும், வெறும் வயிற்றில் டீயைக் குடித்துத் தூங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும். சரி, திட்டினது போதும், எனக்கு இப்போது திட்டுகிற மனநிலை இல்லை. நேற்று எங்கள் பள்ளிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர் வந்தார், செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் நைனா பேக்டரியிலிருந்து வந்து பசி பசி என்பார், வந்தால் வரட்டும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வேலையைச் சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு பட்டம், அஞ்சல் வழியில் சேர்ந்திருக்கிறேன் என்று எழுதினபோது நீயே சிரித்தாய், நாற்பத்தேழு வயதில் அம்மாவுக்கு என்ன வந்தது என்று. உன் நைனாவோ, இந்த வயசுல படிச்சி இன்னா கலெக்டரா ஆவப் போற என்றார். இரண்டு வருஷமாக சனி ஞாயிறு வகுப்புக்கு மின்சார ரயிலில் போகவர, வில்லிவாக்கம் தாண்டினால் கூட்டத்தில் புத்தகத்தை விரிக்க முடியாது என்பதால் அதற்குள் பாடத்தைப் படித்துவிடுவேன். புத்தகப் பரீட்சையெல்லாம் எனக்குப் பெரிதில்லை. செய்முறைதான் கஷ்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆறு இதழ் சுவர்ப் பத்திரிகை கொண்டுவர வேண்டும், செய்தியெல்லாம் அவர்களே அலைந்து சேகரித்ததாக இருக்க வேண்டும், ஒரு இதழ் குறைந்தாலும் அடுத்த வருஷம்தான். பிள்ளைகள் அதற்கு அண்ணனூர் எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தார்கள். பள்ளி இருக்கிற அண்ணனூரில் எந்த எக்ஸ்பிரஸும் நிற்பதில்லையாம், அதற்காகத்தான் அந்தப் பேராம். சார்ட் பேப்பரில் பத்தி பிரித்து மண்டபத்துச் சுவரில் ஒட்டினால் இடைவேளையில் கால் வைக்க இடம் இருக்காது. நான்கு இதழ் ராஜநடை போட்டது. ஐந்தாவதில்தான் வினை.

ராபியா என்று ஒரு பெண், வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வருகிறாள், அவள் அப்பா மஸ்தானுக்குத் தையல் கடை, பூந்தமல்லியிலிருந்து இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என் செய்தியாளர்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன வாரம் வியாழக்கிழமை காலை மூச்சிரைக்க ஓடிவந்து, டீச்சர், பக்கத்து வீட்டுக் கங்காதரன் செத்துப் போயிட்டாரு என்றாள். உனக்குத் தெரியும், நம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு கங்காதரன். யார் சொன்னது என்று கேட்டேன், நான் சொல்லிக்கொடுத்தபடியே மூன்று பேரைச் சொன்னாள். சென்னீர்குப்பத்திலிருந்து அவர் தங்கச்சி ஆட்டோவில் தலையிலடித்து அழுதுகொண்டே வந்து இறங்கினாள், எங்கண்ணன் பூட்டாரு என்று அவள் வாயாலேயே சொன்னாள். கூட்டிவந்த ஆட்டோக்காரரும் அதையே சொன்னார். கங்காதரன் மனைவியைக் கேட்டதற்கு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். ராபியா அழகாக எழுதியிருந்தாள், இருபது வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூடத் தொலைக்காதவர் என்றெல்லாம். நான் இரண்டு பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டேன். முதல் மணிக்குள் ஒட்டியாக வேண்டும் என்கிற அவசரம் எனக்கு. பிரார்த்தனையில் தலைமையாசிரியை அந்தச் செய்தியைப் படித்து இரண்டு நிமிடம் மௌனம் வேறு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் கங்காதரன் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார். கையில் வாழை இலையில் வடை. நடந்தது இதுதான். காக்கை அவர் தலையில் தட்டிவிட்டது. அப்படித் தட்டினால் ஆயுசுக்கு ஆகாது, சொந்தக்காரர்களுக்குப் பொய்யாகச் சாவு சொல்லி அனுப்பினால் அவர்கள் அழுத கண்ணீரில் தோஷம் கழிந்துபோகும் என்று நம் ஜனங்கள் செய்கிற வழக்கந்தானே, உன் பெரியத்தைக்குக்கூட ஒரு தடவை செய்தார்களே. அண்ணன்காரர் உள்ளறையில் கம்மென்று உட்கார்ந்திருக்க, தங்கை அழுதுகொண்டு வந்திருக்கிறாள், மனைவி வாயைப் பொத்தியது சிரிப்பை அடக்கத்தான். அழுது முடிந்ததும் ஆளைக் காட்டி, அடித்துத் திட்டி, வடை சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ராபியா இங்கே வந்துவிட்டாள். அந்த முஸ்லிம் பிள்ளைக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும். எனக்குத் தெரியும் கண்ணு. பிறந்ததிலிருந்து தெரியும். ஆளைப் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். கங்காதரன் சுவர் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். நான் செத்தது கூட போவுது டீச்சர், எனக்கு அம்பத்து மூணுதான், அம்பத்தெட்டுன்னு போட்டுகிறீங்களே என்றார். அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான், சைக்கிள் தொலைக்காத வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

ஆனால் தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. மௌனம் அனுசரித்தது அவர்தானே. அந்த இதழைக் கிழித்துப் போட்டு வேறொன்று ஒட்டுங்கள், தேர்வாளர் கேட்டால் அந்தப் பெண் என்னைக் கேட்காமல் எழுதிவிட்டாள் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன். வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கங்காதரனை உயிரோடு பார்த்த ராபியா வெள்ளிக்கிழமையே வரவில்லை, சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கும் வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்று சாயங்காலம் தலைமையாசிரியை சொன்னதை உன் நைனாவிடம் சொல்லிவிட்டு, அவருடைய டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வெள்ளானூர் போனேன். அந்தப் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. நான் இனிமே எழுத மாட்டேன் டீச்சர், கிளாஸ்ல எல்லாரும் என்னப் புளுகுணின்னு சொல்லுவாங்க என்றாள். திரும்பி வருகையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. உன் நைனா வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, "அந்தப் பொண்ணு மேல பயியப் போட்டுக்கினு நீ வாங்கியார பட்டத்த மாட்ட நம்ம ஊட்டு செவுத்துல எடம் கெடையாது" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் படிப்பைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

புதன்கிழமை ஆறாம் இதழ். முதல் பத்தி, முதல் செய்தி, பழைய செய்தி எந்த அளவு எழுத்தோ அதே அளவில். திருத்தம் என்று தலைப்பிட்டு, "கங்காதரன் அவர்கள் நலமாக இருக்கிறார், வயது ஐம்பத்து மூன்று. எங்கள் செய்தியாளர் மூன்று பேரைக் கேட்டார். அவரை நேரில் பார்த்தாயா என்று கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். ராபியாவை வரவழைத்து அவள் கையாலேயே ஒட்டவைத்தேன். பக்கத்திலேயே கங்காதரனின் பேட்டி, அதுவும் ராபியா எழுதியது, காக்கையையும் சேர்த்து. தலைமையாசிரியை, உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறீர்கள் சொர்ணம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று தேர்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கவே தெரியாத முகம். ஐந்தாம் இதழுக்கும் ஆறாம் இதழுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் படிக்கிறார். பிறகு ராபியாவைக் கூப்பிட்டு, இனி ஒரு செய்தி வந்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். "யாரப் பத்தின செய்தியோ அவங்க ஊட்டுக்குள்ள போயி பாப்பேன் சார்" என்றாள். தேர்வாளர் என் பக்கம் திரும்பி, நீங்கள் இதைக் கிழித்திருக்கலாமே என்றார். கிழித்தால் பிள்ளைகள் அதைத்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தாளில் தேர்ச்சி என்று எழுதுவதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன் தமயந்தி. தன்னுடைய அடுத்த வகுப்பில் காட்ட அந்த இரண்டு இதழையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பட்டம் வந்த மாதிரிதான். வீட்டுக்கு வந்து தனியாக நின்று கைதட்டினேன், பக்கத்து வீட்டுப் பார்வதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று நேற்றிலிருந்து மனசு குடைகிறது. ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டிருந்தாய். போன மாதம் நான் எழுதின பதில், தாராளமாகப் போடு, எங்களுக்கு இங்கே ஒன்றுமில்லை, நீ இல்லாதது பழகிவிட்டது என்று. அந்தச் செய்தி தவறு. எங்களுக்குப் பழகவில்லை. நீ மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதான் பேசுவாய் என்று தெரிந்தும் உன் நைனா எல்லா வெள்ளிக்கிழமையும் எஸ்டிடி பூத் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார், நான் போகாதீர்கள் என்று சொல்வதில்லை. இந்தப் படிப்பில் நான் சேர்ந்ததும் சனி ஞாயிறுகளில் உன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாததால்தான். முடிவு உன்னுடையது, இருந்தாலும் வந்தாலும் உன் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. என் பொய்யை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், தீர்க்காயுசாய் இரு கண்ணு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. கையெழுத்துப் போடும் தேதிக்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட நானே இப்போது கிளம்புகிறேன்.

உன் அன்பு அம்மா,
வே. சொர்ணம்.