கிணற்றில் போட்ட ஸ்டவ்

23.8.98, ஞாயிறு

மேல்காற்று ஓயவில்லை. ஷெட்டின் தகரம் விடிந்ததிலிருந்து படபடவென்று. எண்ணெய்க் கிண்ணத்தில் கரிசல் தூசி. இரண்டு முறை வடிகட்டி, பிறகு போடா என்று விட்டுவிட்டேன்.

காதர் பாய் காயலான் கடையிலிருந்து மூட்டை வந்தது. அவருக்குக் குப்பை, எனக்குத் தீபாவளி. சரசு எட்டிப் பார்த்து, “வீட்ல இருக்க துரு பத்தாதுன்னு வெளிய இருந்து வேற வாங்குதீங்களாக்கும்” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பேச்சு.

மூட்டையில்:
இழைப்புளி 1. மரம் கறுத்திருக்கிறது, தகடு நல்ல எஃகு. அந்தக் காலத்துச் சாமான்.
கை டிரில் 1. பல்சக்கரம் இறுகிப்போய்.
குறடு 3. ஒன்றுக்கு வாய் கோணல்.
சின்ன வைஸ் 1. பிழைத்துக்கொள்ளும்.
அரம் நாலைந்து, மொட்டை.
அடியில் ஒரு பம்பு ஸ்டவ். சாக்குத்துணி சுற்றி, சணல் கட்டி.

ஸ்டவ் நான் தொடுவதில்லை என்று பாய்க்குத் தெரியும். மறந்து போட்டிருப்பார். பிரிக்காமல் வாசல் ஓரம் வைத்தேன். டிரில்லை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாயிற்று.

24.8.98, திங்கள்

கரண்ட் 10 முதல் 12 வரை இல்லை. டீச்சர் வீட்டுக் குக்கர் கைப்பிடி முடிந்தது. மேஜை ஃபேன், புஷ் மாற்ற வேண்டும். குடை 2, கம்பி வாங்கவேண்டும். டிரில் இன்னும் அசையவில்லை.

மத்தியானம் ஸ்டவ்வைத் திருப்பி அனுப்பலாமென்று தூக்கினேன். சணல் மக்கியிருந்தது, அறுந்தது. ஸ்டவ் உருண்டு, அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. அதில் என் குத்து. ‘க’ 93.

என் கையில் பிரிந்து சேர்ந்த சாமான் எதுவானாலும் அடியில் என் எழுத்தையும் வருஷத்தையும் குத்திவிடுவேன். 93இல் நான் பழுது பார்த்த ஸ்டவ் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு ஸ்டவ்வே தொடவில்லை.

முத்துவின் ஸ்டவ்.

ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன். காய்ச்சலா என்று சரசு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

26.8.98, புதன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைச் சாக்கிட்டு ஷெட் பக்கம் போகவில்லை. இன்றும் போகவில்லை. எழுதித்தான் பார்க்கிறேன், முதலிலிருந்து.

முத்துலட்சுமி, எப்போதும்வென்றான் ஊர்ப் பரமசிவத்தின் மூத்த மகள். தீப்பெட்டி ஆபீஸில் நான் ஃபிட்டராக இருந்தபோது பரமசிவமும் அங்கேதான். அப்புறம் அவர் ஊரோடு போய் விவசாயம். முத்துவைக் கடம்பூரில் ஒரு பலசரக்குக் கடை வீட்டில் கட்டிக் கொடுத்தார். அந்த ஸ்டவ் அவளுக்குச் சீராகக் கொடுத்தது.

93 தை மாதம். ஒயர்க்கூடையில் ஸ்டவ், இடுப்பில் கைக்குழந்தை. “மாமா, பம்பு அடிச்சா டேங்க் ஓரமா கசியுது.” பார்த்தேன், மயிரிழை அளவு விரிசல். ஈயம் வைத்து அடைத்து, பம்பு வாஷரையும் மாற்றினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“அதுக்குள்ள முடிஞ்சிட்டா மாமா?” என்றாள்.

நான் பெருமையாக, “பின்னே, கந்தையான்னா சும்மாவா?” என்றேன். அப்புறமும் ரொம்ப நேரம் ஷெட்டில் கிடக்கும் மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வேலையை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மாசியில் செய்தி. ஸ்டவ் வெடித்து, உடம்பெல்லாம் வெந்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பேச்சு வரவே இல்லை. இருபத்திரண்டு வயது.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், பழுது பார்த்தது நீயா என்று. ஆமாம் என்றேன். வைத்த ஈயம் விட்டிருக்குமா? விட்டிருக்கலாம் என்றேன். ஸ்டவ்வைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணால் பார்க்கச் சகிக்காமல் கிணற்றில் போட்டுவிட்டதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். எழுதி நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். டார்ச் லைட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் பழுது சொல்லாதவன் நான்.

ஆறு மாதம் கழித்துப் பரமசிவம் ஷெட்டுக்கு வந்தார். “உங்க மேல ஒரு வருத்தமும் இல்லண்ணே. கைவேலைன்னா முன்னப்பின்ன ஆகத்தான செய்யும்.” அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நடமாடுகிறேன்.

அவள் உட்கார்ந்த மரப்பெட்டி மேல் நான் எதையும் வைப்பதில்லை. எந்த வேலை முடிந்தாலும், குக்கரோ குடையோ, தலை நிமிர்ந்தால் காதில் அவள் குரல். அதுக்குள்ள முடிஞ்சிட்டா மாமா. இதனால் வேலைகளை முடிக்காமல் இழுத்தடிக்கிறேன். ஜனங்கள் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். இருக்கட்டும்.

27.8.98, வியாழன்

சரசு கோவிலுக்குப் போன நேரம். ஸ்டவ்வை மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

1. டேங்க் எங்கும் பிளக்கவில்லை. நசுங்கல்கூட இல்லை.
2. நான் வைத்த ஈயம் அப்படியே. அரம் போட்டுச் சமன் செய்த கீறல் தெரிகிறது. நெருப்புக்குள் கிடந்த ஸ்டவ் என்றால் முதலில் உருகுவது ஈயம்.
3. நான் போட்ட தோல் வாஷர். காய்ந்திருக்கிறது, கருகவில்லை.
4. பர்னர், மூடி, காற்றுத் திருகு எல்லாம் அதனதன் இடத்தில்.

வாஷருக்கு எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டி, பம்பு அடித்து, வாளித் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பத்து நிமிஷம் குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது வெடிக்கவில்லை. அவள் எரிந்தபோது இது அவள் பக்கத்தில்கூட இல்லை.

முதலில் வந்தது சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. மத்தியானம் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். “என்ன இன்னைக்கு, வயிறு தொறந்துட்டா?” என்று சரசு சிரித்தாள்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. ஸ்டவ் வெடிக்கவில்லை என்றால் முத்து எப்படி எரிந்தாள்? தானே வைத்துக்கொண்டாளா? வைத்தார்களா? தெரியாது. கிணற்றில் போட்டோம் என்று சொன்னது பொய். அது மட்டும் தெரியும். அந்தப் பொய்க்குக் கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

ஸ்டவ்வை மறுபடி சாக்கில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

28.8.98, வெள்ளி

காதர் பாயைப் பார்க்கப் போனேன். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“அந்த ஸ்டவ்வா? அது கடம்பூர்ச் சரக்குல்லா. வீட்டுக்கு வெள்ளையடிக்காங்க, பரண்ல கெடந்ததெல்லாம் அள்ளிப் போட்டாங்க. கல்யாணம் வருதாம்.”

“யாருக்கு?”

“அந்தப் பலசரக்குக் கடைக்காரருக்குத்தான், ரெண்டாந்தாரம். மொத சம்சாரம் தீப்பிடிச்சு இறந்து போச்சே, அவரு. ஸ்டவ் வேண்டாம்னா குடுங்க அண்ணாச்சி, பித்தளைய உருக்கிருவோம்.”

இருக்கட்டும் என்றேன். எந்த ஊர்ப் பெண்ணோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். குடைக்கம்பி வாங்க மறந்துவிட்டேன்.

31.8.98, திங்கள்

வெயில். மேகம் இருந்தது, கலைந்துவிட்டது.

பரமசிவம் வந்தார். தலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி. முத்துவுக்கு வாங்கிய பெட்டி, அவள் போன பிறகு திரும்பி வந்தது.

“பூட்டு விழமாட்டேங்குது. பாத்துக் குடுங்கண்ணே. கனி கொண்டு போறதுக்கு வேணும்.”

கனி இளையவள், சண்முகக்கனி. எங்கே கொண்டு போகிறாள் என்று கேட்டேன்.

“அதச் சொல்லத்தான வந்தேன். கடம்பூர் மாப்பிள்ளைக்கே குடுக்கலாம்னு. பிள்ளைக்கு ஆறு வயசு முடிஞ்சிட்டு. வேற எவளோ வந்தா நம்ம பிள்ளைய எப்படிப் பாப்பாளோ. வெள்ளிக்கிழமை நிச்சயம். நீங்கதான் முன்னால நிக்கணும்.”

“கனி என்ன சொல்லுதா?”

“அவ என்ன சொல்லுவா. அக்கா பிள்ளை முகத்தப் பாத்தா, சரின்னுட்டா.”

ஸ்டவ் மேஜைக்கு அடியில், சாக்குக்குள். அவர் காலுக்கும் அதற்கும் இரண்டு முழம். வாயைத் திறந்தேன். வந்தது, “வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?”

பூட்டில் ஸ்பிரிங் போயிருந்தது. மாற்றினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், யார் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை தட்டு வைக்கவேண்டும். ஐந்து வருஷம் கழித்து மனுஷன் சிரித்துப் பேசுகிறார். பூட்டு டக்கென்று விழுந்தது. உடனே அந்தக் குரல். இன்று பக்கத்தில் வந்து கேட்டது.

பஸ் ஸ்டாண்டு வரை போய், பெட்டியை ஒரு பக்கம் நானே பிடித்து ஏற்றிவிட்டேன். இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

1.9.98, செவ்வாய்

சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட்டில், ஸ்டவ்வை நடுவில் வைத்து. அவள் தெரியாமல் முத்து உட்கார்ந்த மரப்பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை.

“இப்பப் போய்ச் சொன்னா, கந்தையா தன் பழியத் தொடச்சுக்கிடப் பாக்கான்னு சொல்லுவாவ.”

“சொல்லட்டும்.”

“பரமசிவண்ணன் தாங்குவாவளா? மக சமையக்கட்டுல தவறிப் போனான்னு நெனைக்கது வேற. நம்மளே கொண்டு தள்ளுனோம்னு தெரிஞ்சா வேற.”

எனக்கும் அதே பயம்தான். அவரிடம் மிச்சம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்று. அதையும் பிடுங்குவதா? ஸ்டேஷனுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? ஸ்டவ்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தவனே நான்தானே.

சரசு எழுந்தாள். “அப்ப கனி இருக்கும்போது சொல்லுங்க. கழுத்த நீட்டப் போறது அவதான” என்றாள். இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவில்லை.

2.9.98, புதன்

போகவில்லை. மேஜை ஃபேன் முடித்தேன். குடை முடித்தேன். யாரும் கேட்காத அரிவாள்மணைக்குப் புதுப் பலகை போட்டேன். பயந்தவனுக்கு வேலைக்கா பஞ்சம்.

கை டிரில் சாயங்காலம் சுழன்றது. பத்து நாள் ஊறி. வேறு சமயமாக இருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

சரசு சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

3.9.98, வியாழன்

10 மணி பஸ். சாக்கு மடியில். வழியெல்லாம் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக்கொண்டு.

பரமசிவம் வீட்டு வாசலில் சுண்ணாம்பு வாடை. “நாளைக்குல்லா நிச்சயம், இன்னைக்கே வந்துட்டீங்க” என்று சிரித்தார். கனி உள்ளே முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூப்பிடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றது.

சாக்கை அவிழ்த்தேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கனிக்குத் தெரிந்தது.

“இது அக்கா ஸ்டவ்வுல்லா. கெணத்துல போட்டாச்சுன்னாவளே.”

அடியில் இருந்த குத்தைக் காட்டினேன். ஈயம் உருகாமல் இருப்பதைக் காட்டினேன். வாளியில் தண்ணீர் கேட்டு, பம்பு அடித்து முக்கிக் காட்டினேன். எந்த வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்றும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பரமசிவம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீங்க இதப் பாக்கலையாண்ணே?”

“இல்ல.”

“பாக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா.”

குரலை உயர்த்தவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நானும் அந்தக் கெணத்த எட்டிப் பாக்கலயே” என்றார். அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கனி அழவில்லை. மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ம.எண்ணெய் டின்னும் தீப்பெட்டியுமாக வந்தாள். ஸ்டவ்வைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, மூடியைத் திருகினாள். நான் தீப்பெட்டிக்குக் கை நீட்டினேன். அவளே பற்றவைத்து, பம்பு அடித்தாள். புஸ்ஸென்று பிடித்து, நீலமாக நின்று எரிந்தது. அந்தச் சத்தத்தை ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

“அணைச்சிரு தாயி” என்றார் பரமசிவம்.

அவள் அணைக்கவில்லை. “நாளைக்குக் கடம்பூர்க்காரவிய வரட்டும்ப்பா. வேண்டாம்னு சொல்லி விட்றாதீங்க, வரட்டும். நடுவீட்டுல வச்சு இதுலதான் காப்பி போடுவேன். எல்லாரும் இருந்து குடிச்சிட்டுப் போவட்டும்.”

அவர் மகளைப் பார்த்தார். எழுந்தார். ம.எண்ணெய் டின்னை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

“அத்தனை பேருக்குக் காப்பி போட இது பத்தாது. நான் போய் வாங்கிட்டு வாரேன்” என்று சட்டையை மாட்டினார்.