ரத்தம் கட்டிய இடம்

ஜூன் 4

அன்பு மச்சானுக்கு,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்புவாய், அதனால் கடிதம். ஆராய்ச்சி நிலையத்துக்குப் படகோட்ட வந்தவனை அரை டாக்டராக்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் கையில் பேனாவும் படிவமும்! டால்பின்களின் முதுகுத் துடுப்பு வடுவைப் பார்த்து இன்னார் என்று எழுதுகிறேன். ஒன்று எந்நேரமும் படகை விரட்டி வம்பிழுக்கும். உன் அக்கா ஞாபகமாக 'எசமானி' என்று பேர் வைத்தேன். போட்டுக்கொடுக்காதே, ஊருக்கு வந்தால் சோறு கிடைக்காது.

ஒன்று மட்டும் கேள். உன் வலையில் டால்பின் சிக்கினால் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் பண்ணு. வந்து அவிழ்க்கிறோம். வலை கிழிந்தால் நிலையம் புதுசு தரும். நான் பொறுப்பு.

உன் அத்தான்

ஜூன் 19

அத்தானுக்கு வணக்கம்.

அக்கா நலம். இடுப்பு வலியும் உங்களைத் திட்டுவதும் குறையவில்லை. செவ்வாய் காலை ஒரு டால்பின் வலையில் செத்துக் கிடந்தது. செத்ததற்கு எதற்குப் போன் என்று வாலை வெட்டி வலையை மீட்டேன், உடலைக் கடலில் விட்டேன். கோபம் வேண்டாம்.

மச்சான்

ஜூன் 21

மச்சான்,

நீ விட்டது இங்கே கரை ஒதுங்கியது. நிலையத்து டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டேன். வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. “செத்தப்புறம் வெட்டினா இப்படிக் கட்டாதுண்ணே” என்றார். நுரையீரலில் கரை மணல். வாலில்லாமல் கரைவரை மூச்சு விட்டிருக்கிறது.

வெட்டியது யார் என்று படிவத்தில் ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை வரை காலியாக வைத்திருக்கிறேன். நிஜத்தைச் சொல்.

அத்தான்

ஜூன் 25

அத்தான்,

அக்கா தலைமேல் சத்தியம். செத்துத்தான் கிடந்தது. இதற்கு ஜெயில் என்கிறார்கள். கட்டத்தை அப்படியே விடுங்கள். நாம் வேறு வேறா?

மச்சான்

ஜூன் 29

தம்பிக்கு,

பயந்துபோய் வெட்டினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், கட்டத்தைக் காலியாகவே அனுப்பி, அந்தப் பாவத்தை நான் சுமந்திருப்பேன். நீ என் பெண்டாட்டி தலைமேல் பொய்ச் சத்தியம் பண்ணினாய்.

பேரை எழுதிவிட்டேன். வனத்துறை ஆட்கள் வருவார்கள், ஓடாதே.

உன் அக்காவிடம் நானே சொல்கிறேன். ஞாயிறு பஸ்ஸில் வருகிறேன். அவள் உன் பக்கம்தான் நிற்பாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது என் பக்கம் நின்றிருக்கிறாளா? கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து திறக்காதே.

படகுக்காரன்