அப்பளம் வருது

12 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். காற்றாடி சுற்றுவது பெயருக்குத்தான்.

ஆபீஸ் ரவி வந்து கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வேண்டாத பக்கங்களின் முகவரியை அதில் அடித்துவிட்டால் திறக்காதாம். திறக்க பாஸ்வேர்ட் வேண்டும்.

அடைத்தவை: அரட்டைப் பக்கம் (இதுதான் முக்கியம்). சினிமாச் செய்தி. ராசிபலன், இரண்டு. சமையல் பக்கத்தை மட்டும் விட்டுவைக்கலாமா என்றேன். "அதுலயும் விடிய விடிய ஒக்காருவ லா. போடு" என்றாள் அக்கா.

பாஸ்வேர்டை அவள்தான் அடித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "பரீட்ச முடியற வரைக்கும் கால்ல விழுந்தாலும் சொல்ல மாட்டேன், கலா." சொல்லாதே என்றேன். அக்கவுண்ட்ஸ் பரீட்சை ஆகஸ்டில். போன தடவை கோட்டை விட்டது இந்த அரட்டையால்தான். ஆபீசில் மட்டும், அப்போது காய்ச்சல், அதனால்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தீவிடம் நேற்றே சொல்லியாயிற்று, பரீட்சை முடியும்வரை வரமாட்டேன் என்று. (தீவு அவனுடைய அரட்டைப் பெயர். கேரி தீவில் எஸ்டேட் ஆபீசில் வேலையாம். அங்கே என் பெயர் மல்லி.) "காத்திருப்பேன்" என்று அடித்தான். காதல் என்றெல்லாம் இல்லை. இருந்தாலும் இருக்கலாம்.

14, செவ்வாய்

கை தானாக மவுஸுக்குப் போகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து அனுமதி இல்லை என்கிறது. மூடினேன். மறுபடி திறந்தேன். வெட்கங்கெட்ட கை.

சாயங்காலம் நல்ல மழை. சமையற்கட்டின் தகரக் கூரையில் அதே சத்தம். அவன் நினைவு.

அரட்டையில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறோம். ஒரு நாள் "மழை வருது" என்று அடித்தேன். "என்ன வருது? மலையா? மாலையா?" என்று கேட்டான். மூன்றுக்கும் ஒரே எழுத்துத்தானே! விழுந்து விழுந்து சிரித்தேன். தகரத்தில் மழை விழுந்தால் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வரும் என்றேன். அன்றிலிருந்து எங்களுக்கு மழை என்றால் அப்பளம். "அப்பளம் வருது, குடை எடுத்தியா?"

இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும்தான். சிலதைச் சொன்னால் சப்பென்று ஆகிவிடும்.

17, வெள்ளி

வெயில். மதியம் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன், கேஸ்காரன் வந்தானா என்று கேட்க. எங்கேஜ்ட். மறுபடி போட்டேன். அப்போதும் எங்கேஜ்ட். அக்கா வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறாள், யாராவது அளவு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் மீன் குழம்பு, எனக்குப் பிடித்த மாதிரி புளி தூக்கலாக. அவள் கண் சிவந்திருந்தது. "நாள் பூரா ஊசி கோக்குறேன்ல" என்றாள். கிள்ளானில் புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து சிரித்துப் பார்த்ததில்லை. இன்று ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சாதம் போட்டாள். மனம் குளிர்ந்தது. பாவம், நன்றாக இருக்கட்டும்.

20, திங்கள்

படிப்பு ஓடுகிறது. தேய்மானக் கணக்கு கடைசியில் மண்டையில் ஏறிவிட்டது. எல்லாம் அக்கா புண்ணியம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவளுக்குக் கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக் வாங்கினேன். முதல் துண்டை என் வாயில் ஊட்டினாள்.

அங்கே ஒரு ஆன்டி, அக்காவிடம் தைக்கக் கொடுப்பவர், பிடித்துக்கொண்டார். "ஒங்க வீட்டுக்கு எப்ப போன் போட்டாலும் எங்கேஜ்ட்! ஒங்க அக்கா கையால தைக்குதா, வாயால தைக்குதா?" சிரித்துவிட்டு வந்தேன். லைன் ரிப்பேராக இருக்கும். ரவியிடம் கேட்க வேண்டும்.

25, சனி

இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது. நான் மேசையில், புத்தகத்தோடு. அக்கா கொல்லைப்பக்கத்துக் கொடியிலிருந்து கத்தினாள்.

"கலா! அப்பளம் வருது, துணிய எடு!"

ஒன்றும் புரியாமல் எழுந்து போனேன். வாசற்படியில்தான் புரிந்தது. கையில் கிளிப்புகளோடு அக்கா அப்படியே நின்றாள்.

"என்ன சொன்ன?"

"மழ வருதுன்னேன்."

"இல்லக்கா. என்ன சொன்ன?"

மழை கொட்டியது. துணியை யாரும் எடுக்கவில்லை.

பிறகு எல்லாம் சொன்னாள். அடைத்த மறுநாளே உள்ளே போயிருக்கிறாள், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று. போனால் மல்லி என்று என் பெயரே போட்டு வைத்திருக்கிறது. வரமாட்டேன்னியே மல்லி என்று அவன் கேட்டிருக்கிறான். "சும்மா ஒரு நாள்தான்னு நெனச்சேன் கலா. அவன் சாப்டியான்னு கேட்டான். அப்படி யாரும் என்ன கேட்டதில்ல." தினமும், நான் ஆபீசில் இருக்கும் நேரமெல்லாம். போன் லைனில்தானே இன்டர்நெட், எங்கேஜ்ட் ஆனது அதனால்தான்.

"நீ நானில்லைன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீன்னுதான் நெனச்சுகிட்டு இருக்கான்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நம்பித்தானே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்?

பாஸ்வேர்டைச் சொல் என்றேன். "தங்கச்சி" என்றாள். அப்போதுதான் அழுதேன்.

படுக்கப் போகும்போது வந்து தலையைத் தடவினாள். "மன்னிச்சிரு. இனிமே போக மாட்டேன்." சரி என்றேன். அக்காதானே.

26, ஞாயிறு

பளீரென்று வெயில். அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறாள். கொடியில் நேற்றைய துணி, இன்னும் ஈரம்.

பரீட்சை வரை பொறுக்க முடியவில்லை. அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தங்கச்சி என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத்தான் எழுதுவது! முதலில் எச் போட்டு, பிறகு எச் இல்லாமல். கடைசியில் சி இரண்டு போட்டதும் திறந்தது.

தீவு இருந்தான்.

மல்லி வந்திருக்கேன், ஒரு விஷயம் சொல்லணும் என்று அடித்தேன்.

பிறகு: "நீ மல்லி இல்ல."

சத்தியமாக நான்தான் என்றேன். வேறு எதைக் காட்டுவது? வெளியில் வெயில் கொளுத்த, "அப்பளம் வருது" என்று அடித்தேன்.

"அதெல்லாம் நீ தெரிஞ்சு வச்சிருப்பன்னு மல்லி சொன்னா. நேத்து ராத்திரியே வந்து சொல்லிட்டா, என் பேர்ல ஒருத்தி வருவா, நம்பாதேன்னு. நீ அவ தங்கச்சிதானே?"

ஆமாம் என்று அடித்தேன்.