ஹஜ்ஜுக்குப் போகாதவனிடம் கேட்ட மன்னிப்பு

புதுச்சேரி

அன்பு மருமகன் முஆஸுக்கு, குடைக்கடைச் சக்கரவர்த்தியும் வெயிலின் பரம்பரைப் பகைவனுமான உன் தாய்மாமன் தாஜுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பிரான்சுக் குளிரில் நீ சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். அடுத்த வரியில் இங்கே எல்லாரும் நலம் என்று வர வேண்டும், இந்தத் தடவை எழுத மாட்டேன். வீட்டில் ஏற்கெனவே பொய் கூரை வரைக்கும் குவிந்து, நான் கால் நீட்டிப் படுக்க இடமில்லை.

எனக்கு மஞ்சள் கண்டதை நீ வீடியோவில் பார்த்தாய். சாதாரண மஞ்சளா அது, நான் கண் திறந்தால் கனகசெட்டிக்குளத்தில் வலை போட்டவர்கள் விடிந்துவிட்டதென்று கரை திரும்பினார்கள். பித்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாச்சு, வெறும் கல்தான் என்றாள் உன் மாமி பதுருன்னிசா. என் மகன் தல்ஹாவும் அதையே சொன்னான். நீயும், கல்லுதான் மாமா, இங்க பாதிப் பேருக்கு இருக்குது என்று சிரித்தாய். நம்பினேன். வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கிற வலியையும் அந்தக் கல்லின் தலையிலேயே போட்டேன். அடுத்த வாரம் முதல் சத்து ட்ரிப் ஏற்றுவார்கள் என்றார்கள், அதையும் நம்பினேன்.

ஆனால் நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டே. ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாலோ, மௌத்துக்கு நெருங்கினாலோ வீடு தேடிப் போய், குத்தங்குறை இருந்தா பொறுத்துக்குங்க என்று கேட்போம். முதலில் வந்தது எதிர்க்கடை செருப்பு ஜக்கரியா. என் கடை வாசலில் ஸ்டாண்டை வைத்து என்னோடு முந்நூறு வருஷம் உலகப்போர் நடத்தியவன், என் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான் எல்லாத்தையும் பொறுத்துக்குங்க என்று தேம்பினான். பிறகு சொந்தக்காரப் பெண்கள் ஆட்டோ ஆட்டோவாக வந்திறங்கினார்கள். நான் ஹஜ்ஜுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, பாஸ்போர்ட்டும் காலாவதி. அப்படியானால் நான் போகிற ஊர் வேறு என்று புரிந்தது. எல்லாரும் வாயைப் பூட்டினீர்கள், மறுமைக்குப் பயந்து சாவியை வெளியிலேயே தொங்கவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை நீ போன் செய்து, மாமா நா எப்பவாச்சும் உங்கள நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க என்றாயே, அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்கு என்று சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சரிதாவிடம், அம்மா, என் ஒடம்பப் பத்தி எனக்கு மட்டுந்தான் தெரியல, நீங்க சொல்லுங்க என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து சொன்னார். கணையத்தில் வந்த கேன்சர், ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேஷனால் இனிப் பயனில்லை. அந்த ட்ரிப் சத்து இல்லை, கீமோ. அது குணமாக்காது, கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தலாம், வலிக்குத் தனியாக மருந்து உண்டு. எடுத்துக்கறதும் வேணாங்கறதும் உங்க இஷ்டம் சார் என்றார். இத்தனை நாளில் என் இஷ்டத்தைக் கேட்டது அந்த ஒரு ஆள்தான். வீட்டுக்கு வந்து குதித்தேன். உன் மாமி அழுதுகொண்டே, சொன்னா ஒடஞ்சிருவீங்கன்னு முஆஸ்தான் சொல்ல வேணான்னான் என்றாள்.

நீயா முஆஸ்? உன் அத்தா மௌத்தானபோது நீ சின்னப் பிள்ளை. வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிடுங்க என்று வீடே என் காலைப் பிடித்தது. நான் உன்னை மடியில் வைத்து உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாய், ஆனால் உடையவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாங்கியது இந்தக் கிழவனுக்குத் தாங்காதா? நோய் என் ஈரலைத்தான் தின்கிறது, நீ என்னை ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டாய். முதுகைத் துளைக்கிற அந்த வலியைவிட எனக்கு வலித்தது இதுதான்.

திங்கட்கிழமை கீமோ தொடங்குகிறது. நானே சரி சொன்னேன், அதன் பேரைச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும் என்று கட்டளையும் போட்டாயிற்று. தாங்க முடியாமல் போனால் நிறுத்தச் சொல்லப் போவதும் நான்தான், தல்ஹாவிடமும் சொல்லிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரியெல்லாம் போனில் கணையம் கணையம் என்று தேடிப் படிக்காதே, தொழுகையை விடாதே. உன் மாமிக்குப் போன் போட்டால் திட்டாதே, அவள் பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாமல் இளைத்துவிட்டாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மறக்காதே. வந்த எல்லாரையும் பொறுத்துக்கொண்டேன், ஜக்கரியாவைக்கூட. உன்னை மட்டும் இன்னும் இல்லை. அது போனில் கிடைக்காது, என் கையைப் பிடித்துக் கேட்டால்தான். மருந்து எத்தனை காலம் பிடித்து நிறுத்துமோ, அத்தனை காலமும் அதை நான் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பேன். சீக்கிரம் வா.

உன்னை வளர்த்தவன்,
குடைக்கடை தாஜுதீன்