இரண்டு குடை

முதல் மடல்

அலைமேல் அலுவல் காணும் என் அன்புத் துணைவருக்கு,

நலம். உங்கள் நலமே விழைகிறேன். மடல் கிடைத்தது. கப்பலின் இயந்திர அறையில் வெப்பம் தாளவில்லை என்றும், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு என் மேடைப் பேச்சுகளை நினைத்தால் இயந்திர ஓசை சிறிதாகிவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் நம் மகள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அன்று படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள்.

தையற்கூடத் தோழியர் நலம். புதிய பணிநேர அட்டவணையை எதிர்த்து மாலைதோறும் கூடத்து வாயிலில் பேசுகிறேன். தொண்டை கட்டிவிட்டது, கொள்கை கட்டுப்படவில்லை. சமையலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது. அதை எதிர்த்து எத்துணை முழங்கினாலும் அடங்குவதாக இல்லை.

இனி மகளைப் பற்றி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கணிதப் பாடத்தை விட்டுவிடப் போகிறாளாம். இறுதி வகுப்பில் பாடம் மாற்றிக்கொள்ள இம்மாத முடிவு வரை பள்ளி இசைவு தருகிறது. பெற்றோர் ஒருவரின் கையெழுத்துப் போதும். அதற்கான தாள் உணவு மேசையில், உப்புக் குப்பியின் அடியில் கிடக்கிறது. கணிதம் போனால் வானிலைப் படிப்பும் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதன்முறை கப்பலேறிய ஆண்டு, புயற்செய்தி கேட்டு வானொலியை விட்டு நகராமல் இருந்தாளே, அன்று பிடித்த பிடி அது. அப்பா போற வழிக்கெல்லாம் இனிமே நான்தான் மழை சொல்வேன் என்றவள், இன்று வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போகிறாள்.

நடந்தது இது. கணித ஆசிரியர் ஒரு நாள் கூட்டமொன்றிற்குச் செல்ல வேண்டியிருந்தது. போகுமுன் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதி, உங்களுக்குள்ளேயே பேசிப் போட்டு வையுங்கள் என்றாராம். இன்று மழை பெய்ய வாய்ப்பு பத்தில் மூன்று. நாளை பெய்ய வாய்ப்பு பத்தில் நான்கு. ஒரு நாள் மழைக்கும் மறுநாள் மழைக்கும் தொடர்பில்லை எனக் கொண்டால், இரு நாள்களில் ஒரு நாளேனும் மழை பெய்ய வாய்ப்பு என்ன?

மழை என்ற சொல்லைக் கண்டதும் நம் மகள் எழுந்துவிட்டாள். மூன்றும் நான்கும் ஏழு, ஆகவே பத்தில் ஏழு என்று விளக்கினாள். வெறுமனே விளக்கவில்லை, முழங்கினாள். அடுக்குமொழி, எடுத்துக்காட்டு, குரலின் ஏற்ற இறக்கம், கைதட்டலுக்கென்று இடையில் ஒரு சிறு நிறுத்தம். எல்லாம் நம் வீட்டுக் கண்ணாடியின் முன் நான் பழக்கியவை. வகுப்பு கைதட்டியது.

அப்போது கொசு எழுந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகள். எந்த ஆசிரியரையும் விடாமல் ஏன், எதற்கு என்று துளைத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பட்டப்பெயர். சூட்டியவள் நம் மகள்தான். பள்ளி நம் மகளுக்குச் சூட்டிய பெயர் ஒலிபெருக்கி. அதில் இருவருக்கும் கணக்குச் சரி. அந்தக் கொசு எழுந்து, அப்போ ரெண்டு நாளும் பத்துல ஆறுன்னு வெச்சா, கூட்டினா பத்துல பன்னிரண்டு வருதே, அது எப்படி என்று கேட்டாளாம்.

நம் மகளுக்கு விடை தெரியவில்லை. தடுமாற்றத்தை அவையினர் காணலாகாது என்பது மேடை நெறி. அன்னைக்கு நீ மட்டும் ரெண்டு குடை எடுத்துட்டு வா என்றாள். வகுப்பறை அதிர்ந்தது. கொசு அமர்ந்தாள்.

அடுத்த தேர்வில் அதே கணக்கு, எண்கள் மட்டும் மாறி வந்தது. வகுப்பே ஒரு முகமாகக் கூட்டி வைத்தது. வகுப்பே ஒரு முகமாகத் தவறியது. கொசு ஒருத்திதான் சரியாகப் போட்டிருந்தாள். எல்லாத் தாளிலும் ஒரே தவறு இருக்கக் கண்ட ஆசிரியர், யாரைப் பாத்து எழுதினீங்க என்று சினந்திருக்கிறார். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, பாத்து எழுதல டீச்சர், கேட்டு எழுதினோம் என்றானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அன்று முதல் படிக்கட்டில், நூலகத்தில், குடிநீர்க் குழாயடியில், எங்கு கண்டாலும், ஒலிபெருக்கி, நாளைக்கு எத்தனை குடை என்பதே கேள்வி. பள்ளிகளுக்கிடையேயான சொற்போரிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். உங்கள் மகள், என் வளர்ப்பு, மேடைக்குப் பிறந்தவள், இனி மேடையே வேண்டாம் என்கிறாள். கணிதமும் வேண்டாமாம், அந்த வகுப்பறைக்குள் நுழையவே கால் கூசுகிறதாம்.

விடுவேனா? வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகளையும் அவளையும் அவையாக வைத்துப் பேசினேன். வீழ்வது இழிவன்று, வீழ்ந்த இடத்தையே வீடாக்கிக் கொள்வதுதான் இழிவு என்றேன். சறுக்காத கால் மலை ஏறியதில்லை என்றேன். நன்றாகத்தான் பேசினேன். முடியும்வரை கேட்டுவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்: அம்மா, நீங்க பேசறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கு. முடிச்சதும் யோசிச்சா, நான் என்ன செய்யணும்னு அதுல ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு வகுப்புல நானும் இதைத்தான் செஞ்சேன்.

பிறகு அறைக்கதவு சாத்தப்பட்டது. வாயிற்கூட்டத்தில் என்மேல் கல் விழுந்திருக்கிறது. அன்றுகூட அடுத்த சொல் நாவில் இருந்தது. இம்முறை இல்லை.

கப்பலில் புதிய பணி ஒப்பந்தம் எடுக்கட்டுமா எனக் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். சென்ற முறையும் அதற்கு முந்தைய முறையும் சொன்னதையே சொல்கிறேன்: இங்கு எல்லாம் செம்மை, நாங்கள் பார்த்துக்கொள்வோம், கவலை வேண்டா.

கடல் உங்களிடம் கனிவோடு நடந்துகொள்ளட்டும்.

என்றும் உங்கள்,
துணைவி


இரண்டாம் மடல்

அன்புத் துணைவருக்கு,

நீங்கள் துறைமுகம் சேருமுன் இம்மடல் அங்கே காத்திருக்க வேண்டும் என்று விரைந்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்தருள்க. அறச்சீற்றம் எதுவுமில்லை, விரைவு மட்டுமே.

அந்தத் தாளில் நான் கையெழுத்திடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. உப்புக் குப்பியைத் தூக்கும்போதெல்லாம் இருவரும் அதைப் பார்ப்போம். பிறகு உப்பைப் பார்ப்போம். இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மாலை வாயில்மணி ஒலித்தது. கதவைத் திறந்தால், கொசு.

ஆன்ட்டி, அவ இருக்காளா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும் என்றாள். பழிதீர்க்க வந்திருக்கிறாள் என்றே எண்ணினேன். நம் மகளும் அப்படித்தான் எண்ணியிருப்பாள். கொலைக்களம் செல்பவள்போல் வந்து நின்றாள். அந்தப் பெண் கேட்டது இதுதான்: நீ தப்பா சொன்னது சரி, எல்லாரும்தான் சொல்லுவாங்க. ஆனா அவ்வளவு தப்ப அவ்வளவு நம்பிக்கையா எப்படிச் சொன்ன? எனக்குச் சரியான விடையைச் சொல்றப்பகூட அந்த நம்பிக்கை வரல.

ஏளனம் சிறிதும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.  நம் மகள், கோபமாகவே, வந்து உக்காரு என்றாள்.

சமையலறை மேசையில் இருவரும் அமர்ந்தார்கள். நான் ஒழுகும் குழாயின்கீழ்ப் பாத்திரம் துலக்குவதாக நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் விடையைச் சொல்லவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏன் கூட்டுற? ரெண்டு நாளும் பெஞ்சா அதை எத்தனை தடவை எண்ணுவ? மழையை விடு, மழை இல்லாத நாளை எண்ணிப் பாரேன், ஏன் கூடாது? நம் மகள் சீறினாள், பென்சிலை எறிந்தாள், உன்னைக் கொசுன்னு சொன்னதுல தப்பே இல்ல என்றாள். தெரியும், அதுக்காகத்தான் கடிக்கிறேன் என்றாள் மற்றவள். அடுத்த ஏனுக்குப் பென்சிலை எடுத்து எழுதினாள், அழித்தாள். பிறகு நம் மகள் சொன்னாள்: எனக்குத் தெரியல.

ஐயா, அந்தச் சொற்றொடர் நம் வீட்டுச் சுவர்களுக்குப் புதிது. நான் சொன்னதில்லை, அவளைச் சொல்லவிட்டதும் இல்லை. கூரை இடிந்து விழவில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.

அப்பாடா, எனக்கும் அந்த இடம் மொதல்ல தெரியல என்றாள் கொசு. அங்கிருந்துதான் கணக்குத் தொடங்கியது. இன்று மழை இல்லாதிருக்க வாய்ப்பு பத்தில் ஏழு. நாளை இல்லாதிருக்க பத்தில் ஆறு. இரண்டையும் பெருக்கினால், இரு நாளும் வறண்டிருக்க நூற்றில் நாற்பத்திரண்டு. மிச்சமெல்லாம் மழை: நூற்றில் ஐம்பத்தெட்டு. எழுபது அன்று. எனக்கே விளங்கிற்று என்றால் பாருங்கள்.

மறுவாரம் அவளே ஆசிரியரிடம் போய், அதே கணக்கை அதே பலகையில் இன்னொரு முறை போட இசைவு கேட்டிருக்கிறாள். ஆசிரியர் சுண்ணக்கட்டியை நீட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்டாராம். வகுப்பில் யாரோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ என்றானாம். அவள் காத்திருந்து, சிரிப்பு அடங்கியதும் சொன்னது: இந்தத் தடவை கைதட்டாதீங்க. புரியாத இடத்துல நிறுத்துங்க. எனக்குப் புரியாத இடத்துல நானே நிறுத்துவேன்.

நிறுத்தவும் செய்தாள். பாதிக் கணக்கில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இங்க ஏன் பெருக்கறோம்னு எனக்கு இன்னும் முழுசாப் பிடிபடல என்றாளாம். பாதிக் கணக்கில் நிற்பது எத்தகைய வீரம் என்பதை மேடையேறியவளாகிய நான் அறிவேன். எதிரியின் கேள்விக்கு அஞ்சாதவர் உண்டு. தன் கேள்வியைத் தானே அவையில் வைப்பவர் அரிது. வகுப்பு சிரிக்கவில்லை. கேட்டு எழுதினோம் என்றானே, அவன்தான் முதலில், எனக்கும் அது தெரியல என்றான். அதன்பின் ஒன்று, இரண்டு, பாதி வகுப்பு. முதல் நாள் கைதட்டியவர்களில் ஒருவருக்குமே கணக்கு விளங்கியிருக்கவில்லை. பிறகு எல்லாருமாக அந்த இடத்தைப் பிடித்து இழுத்து, விளங்கும்வரை விடவில்லையாம்.

முடிவில் அவள் ஆசிரியரிடம் ஒன்று கேட்டாள். டீச்சர், உண்மையில இன்னைக்கு மழை பெஞ்சா நாளைக்குப் பெய்ய வாய்ப்பு மாறும்ல, தொடர்பே இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும் என்று. ஆசிரியர் சற்று எண்ணிப்பார்த்து, நல்ல கேள்வி, அது எனக்கும் சரியாத் தெரியாது, நீ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வானொலி மறுபடி பேசுகிறது. தாளை அவளே மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டாள்.

எல்லாம் வென்றாயிற்று என்று முழங்கமாட்டேன். அடுத்த தேர்வில் நடுத்தரமாகத்தான் வாங்கினாள். குடைக் கேலி இன்னும் ஓயவில்லை. ஆனால் இப்போது அதில் பாதியை அவளே தொடங்கிவைக்கிறாள். சொற்போருக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். இணைக்கு யார் தெரியுமா? கொசுதான். ஒருத்தி பேசுவாளாம், ஒருத்தி எதிரணியைக் கேள்வியால் துளைப்பாளாம். அந்த எதிரணிக்காக இப்போதே இரங்குகிறேன். பட்டப்பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நம் மகள் சொல்ல, வேணாம், பழகிடுச்சு, நல்லாக் கடிக்கறேன்னு அர்த்தம் என்றுவிட்டாளாம் அவள்.

எனக்கும் ஒரு கடி விழுந்தது. தையற்கூட வாயிலில் பேச்சை நடுவில் நிறுத்தி, யாருக்கேனும் கேள்வி உண்டா என்றேன். இத்தனை ஆண்டில் இதுவே முதன்முறை. பொத்தான் தைக்கும் தோழி ஒருத்தி தயங்கித் தயங்கி, அக்கா, நீங்க பேசினா உடம்பெல்லாம் சிலிர்க்குது, ஆனா அந்தப் புது அட்டவணையில எங்க ஷிஃப்ட் எப்போ ஆரம்பிக்குது என்றாள். அதை இதுவரை சொல்லவே இல்லை நான். அன்று முழங்கவில்லை; அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு அவர்களோடு படியில் அமர்ந்தேன். மறுநாள் வந்த கூட்டம் எப்போதையும்விடப் பெரிது.

இனி உங்கள் ஒப்பந்தம். எடுங்கள், இங்கு எல்லாம் செம்மை என்று முன் மடலில் எழுதினேன். ஓசை பிசகாத சொற்றொடர் அது. மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் நம் மகள் முதல் நாள் முழங்கிய தவறான கணக்கைப் போன்றது. குழாய் ஒழுகுகிறது. கதவு சாத்தப்பட்ட அந்த மாலை, எதிர் நாற்காலியில் நீங்கள் இருந்து, நீ வீட்டுக்குள்ளயும் மைக் வெச்சுப் பேசறவ என்று ஒருமுறை கேலி செய்திருந்தால் போதும் என்றிருந்தது.

மேடைகளில் ஆயிரம் கேள்வி எழுப்பியவள் நான். எல்லாம் விடை தெரிந்த கேள்விகள். தெரியாத ஒன்றை உங்களிடம் கேட்டதே இல்லை. கேட்டால் தடுமாற்றம் தெரிந்துவிடும் என்று மேடை நெறி காத்தேன். இன்று பாதிக் கணக்கில் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கிறேன்.

எப்போது வருவீர்கள்? எனக்குத் தெரியவில்லை.

விடையை எதிர்நோக்கும்,
உங்கள் துணைவி