பாதியில் திரும்பிய பைலட்டுக்கு

என் ஆசை அப்பா,

நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரும்புலியூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை சுவர் முழுக்க நீங்கள்தான். 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர். ஒட்டியது தணிகாசலம். அவன் தலை பூசணிக்காய் அளவு, உங்கள் தலை எலுமிச்சை அளவு. அதுவும் சண்டையில் ஹெலிகாப்டர் ஓட்டிய காலத்துச் சீருடைப் படம். எங்கே பிடித்தானோ.

தேர்தலில் உங்களை எதிர்த்து நின்றபோது இதே ஆள் தெருத்தெருவாக மைக் போட்டுச் சொன்னது மறக்குமா? "பாதியில திரும்பி ஓடியாந்த பைலட்டுக்கா ஓட்டு?" விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுக் கவுன்சிலரான நீங்கள், ஏரியை மடக்கி அவன் பிளாட் போடுவதைத் தடுத்தீர்கள். அந்த வயிற்றெரிச்சல். நீங்கள் தோற்றீர்கள். அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கமே போகவில்லை.

பாதியில் திரும்பியது உண்மைதானே. குண்டடி பட்ட ஒரு சிப்பாயை வழியில் இறங்கி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினீர்கள். "அதைச் சொல்லுங்களேன்ப்பா" என்று அழுதேன். "செஞ்சதுக்கு சாட்சி தேடிக்கிட்டு அலையணுமாம்மா? விடு" என்றீர்கள்.

சாட்சி தானாக வந்துவிட்டது அப்பா. போன ஞாயிறு, கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வாசலில் நின்றார். பெயர் சூசை. சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஸ்டாப்பில் அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டு, விசாரித்து வந்திருக்கிறார்.

"இந்த மூஞ்சிதாம்மா. 'தூங்காதடா, தூங்காதடா'ன்னு தமிழ்லியே அதட்டிகினு வந்தாரு. பேருகூட கேக்கல நானு."

தணிகாசலம் அன்று மைக்கில் சொன்னதையும், இப்போது அவனே உங்கள் படத்திறப்புக் கூட்டம் நடத்தப்போவதையும் சொன்னேன். "மீட்டிங்கு என்னிக்கிம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நாளை மாலை உங்கள் படத்திறப்பு. திரையை விலக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான். மகள் மேடையில் அழுதால் அவனுக்கு நாலு ஓட்டு. வருகிறேன் என்று கும்பிட்டுச் சொன்னேன். என் குரலில் இருந்த பணிவைக் கேட்டிருந்தால் நீங்களே பயந்திருப்பீர்கள்.

எனக்கு நியாயம் மட்டும் போதாது அப்பா. வார்டு முழுக்கப் பார்த்திருக்க, அவன் முகத்தில் ஈயாடக் கூடாது. இது பாவமா? "விடும்மா" என்பீர்கள். விட்டுவிட்டு நீங்கள் என்ன கண்டீர்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். நாளை திரையை நான் தொட மாட்டேன். சூசை மாமாதான் விலக்குவார். அப்புறம் தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லுங்க சார், எங்கப்பா யாரை விட்டுட்டு ஓடினாரு?" என்று கேட்பேன். பதில் வரும்வரை மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டே நிற்பேன்.

விடத் தெரியாத உங்கள் மகள்,
கலைச்செல்வி