ஆற்றைப் பார்த்த வராந்தா

6 ஜனவரி 2004

கம்பெனி டயரி வந்துவிட்டது. டூர் கம்பெனியில் வருடா வருடம் டிரைவர்மாருக்கு ஒன்று கொடுப்பார்கள். இவர் எழுதுவதில்லை, எனக்குத்தான் வரும். பக்கத்துக்குப் பக்கம் மேலே கடற்கரை, யானை, அருவி என்று படம். கீழே நான் எழுதுவது பருப்பு, மாமாவுக்குத் துணி மாற்றியது, மழை.

இந்தத் தடவை டயரிக்குள் மூன்று விளம்பரத் தாள்களையும் மடித்து வைத்திருந்தார். காட்டுக்குள் இருக்கிற லொட்ஜ்கள். “இதுல ஒன்ன எடு பூரணி. இந்த வருஷம் கட்டாயம் போறோம்” என்றார். கல்யாணம் முடித்த வருடமும் இதையேதான் சொன்னார். ஒன்பது வருடம்! மாமி வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் நின்று கேட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்.

9 ஜனவரி

மாமாவைச் சாய்த்து உட்கார வைத்து, தாள்களை அவர் மடியில் விரித்தேன். வேறு யாரிடம் காட்டுவது?

முதலாவது மண்வீடு. மண் சுவர், கரண்ட் இல்லை, லாம்பு வெளிச்சம், கக்கூஸ் வெளியே, குளிக்கப் பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீர். இதற்காக வெள்ளைக்காரர்கள் பிளேன் ஏறி வருகிறார்களாம். மாமா இடது கையால் படத்தைத் தட்டி, “லயம்... லயம்...” என்று சிரித்தார். தோட்டத்தில் நாங்கள் இருக்கிற வரிசை வீட்டைத்தான் சொல்கிறார். வலது கையும் காலும் பாதிப் பேச்சும் போய் நாலு வருடம். சிரித்து எத்தனை நாள்! நானும் சிரித்தேன். பிறகு அவருக்கு இருமல் பிடித்து, நெஞ்சைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது மரத்தின் மேல் வீடு. ஏணியில் ஏறிப் போய்ப் படுக்க நான் என்ன குரங்கா?

மூன்றாவது கித்துல்கல பக்கம், ஆற்றோரம். இவர் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போகிற இடம். ஆற்றைப் பார்த்த வராந்தா, பிரம்பு நாற்காலி. விடிகிற நேரம் கீழே பாறையில் ஒரு நீர்நாய் குட்டிகளோடு வந்து மீன் தின்றதாம். இவர் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். இந்தக் கதையை எத்தனை தடவை சொல்ல வைத்திருப்பேன்! குட்டி மீனை எப்படிப் பிடித்தது என்று இரண்டு கையாலும் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் காட்டுவார்.

எனக்கு இதுதான். வேறு பேச்சில்லை.

10 ஜனவரி

சொன்னதும் இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மண்வீடு நல்ல அமைதியாக இருக்கும், அதை எடுப்போம் என்றார். நீங்கள் போகாத இடம், அமைதியாக இருக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அதனாலதான் சொல்றேன். அங்க நம்மள யாருக்கும் தெரியாது.”

என்ன பேச்சு இது? தெரிந்த இடத்தில்தானே நாலு பேர் மதிப்பார்கள்?

22 பெப்ரவரி

போகவில்லை. ஜெர்மன்காரர்கள் வந்திருக்கிறார்கள், இரண்டு கிழமை ஓட்டம். சரி, அவர் இருந்தாலும் மாமாவை யார் பார்ப்பது? நாத்தனார் அழகம்மாவுக்கு மலையடியில், நல்லதண்ணி என்கிற ஊரில் கடை. சீசன் நேரம், சிவனொளிபாதத்துக்கு ஏறுகிற கூட்டம். மே மாதம் வெசாக் முடியும்வரை அசைய முடியாது அண்ணி என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

3 மார்ச்

மழை. மாமா. மழை.

17 மார்ச்

இந்த வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. பின்பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ஜன்னல் இல்லை. கதவைத் திறந்தால் குளிர் வந்து மாமாவுக்கு நெஞ்சு கட்டும். மூடினால் பட்டப்பகலில் லைட் போட வேண்டும், அடுப்புப் புகை போக வழியில்லை. திறக்கிறதும் மூடுகிறதுமாக ஒரு நாள் போய்விடும்.

கடைவரைக்கும்கூட நிம்மதியாகப் போக முடியாது. அரை மணிக்கொரு தடவை மாமா “ஏ...” என்பார். என் பெயர் அவர் வாயில் வராது. பாவம், அவர் குற்றமில்லை. ஆனால் நாலு வருடமாக நான் ‘ஏ’தான்.

இவர் இன்று எங்கே? சீகிரியாவா? கடலா? வந்தால் கதவடியிலேயே நிறுத்தி, என்ன பார்த்தீங்க என்று கேட்பேன். செருப்பைக்கூட கழற்ற விடமாட்டேன். சில நேரம் தோன்றுகிறது, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறதா, இவர் பார்க்கிற இடங்களைப் பிடித்திருக்கிறதா என்று. சே, என்ன எழுதுகிறேன்.

2 ஜூன்

அழகம்மா வந்துவிட்டாள். பையெல்லாம் கட்டி வைத்தேன். இவர் வந்து, கினிகத்தேனையில் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, ஆறு சிவப்பாக ஓடுகிறது, மழை விடட்டும் என்றார்.

மழைக்கு நான் என்ன செய்ய? ஆனால் அதைச் சொல்லும்போது இவர் முகத்தில் கவலையே இல்லை. தப்பித்த மாதிரி இருந்தது.

பையை அவிழ்க்கவில்லை. அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

25 ஜூலை

இன்று கேட்டேவிட்டேன். பாத்திரத்தை டமார் என்று வைத்துவிட்டுக் கேட்டேன்.

“என்னைய கூட்டிக்கிட்டுப் போக ஒங்களுக்கு வெக்கமா இருக்கா? சொல்லிருங்க. பைய அவுத்துப்புடுறேன்.”

பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாக, “உன்னால இல்ல புள்ள” என்றார். பிறகு யாரால்?

அடுப்படியில் இருந்த மாமி திரும்பாமலே சொன்னார்: “கூட்டிக்கிட்டுப் போடா. ரெண்டு நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல. கெழவன நான் பாத்துக்கிறேன். அவ போயி அந்த நாயப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்.”

இத்தனை வருடத்தில் மாமி எனக்காகப் பேசியது இதுதான் முதல் தடவை. மாமியும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

27 ஜூலை

கடையில் இருந்து லொட்ஜுக்குப் போன் பண்ணினார். எத்தனை பேரைக் கொண்டுவந்து விட்ட டிரைவர், அதனால் ஆற்றோர அறையே தருகிறேன் என்று மனேஜர் சொன்னாராம். ஓகஸ்ட் 14.

14 ஓகஸ்ட்

இதை டிரைவர்மார் தங்குகிற அறையில் இருந்து எழுதுகிறேன்.

ஹட்டனில் பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில்தானா என்றிருந்தது. இவர் அயர்ன் பண்ணிய முழுக்கைச் சட்டை. நான் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலை. உள்ளே போகும்போது இவர் எனக்கு முன்னால் போகவில்லை, பக்கத்தில் நடந்து வந்தார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மனேஜர் நல்ல மனுஷர் மாதிரித்தான் இருந்தார். இவர் தோளில் கை போட்டு, கொழும்பிலிருந்து திடீரென்று ஒரு கூட்டம் வந்துவிட்டது, ஆற்றோர அறை போய்விட்டது, நீ நம்ம ஆள்தானே, இன்றைக்கு மட்டும் சமாளித்துக்கொள் என்று சிங்களத்தில் சொன்னார். இவர் “ஹரி சேர், ஹரி சேர்” என்று தலையாட்டினார்.  குசினிக்குப் பின்னால் இருக்கிற வழியில் எங்களைக் கூட்டிப் போனார்கள்.

நாலு இரும்புக் கட்டில். எண்ணெய் பிடித்த தலையணை. ஜன்னல் இல்லை. கதவைத் திறந்தால் வேன்கள் நிற்கிற இடம். ஆறு எங்கே? சத்தம் மட்டும் கேட்கிறது.

இரண்டு சிங்கள டிரைவர்கள் படுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, வேனில் படுக்கிறோம் என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் வயதானவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். கவலைப்படாதே தங்கச்சி என்றார். பத்து வருடத்துக்கு மேல் இங்கே வருகிறேன், அந்த வராந்தாவின் படியைக்கூட மிதித்ததில்லை, டிரைவர் யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டார்கள், நமக்கு இந்த இடம்தான் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், பாவம்.

நான் இவரைப் பார்த்தேன். கட்டிலில் விரித்த துணியை எடுத்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் நீர்நாய்?

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பது வருஷமா என்னைய ஏமாத்தியிருக்காரு. எத்தன தடவ கையால மீன் புடிச்சுக் காட்டினாரு! நானும் வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டேனே. பொய்க்காரர். அந்தச் செவுத்துக்குள்ள இருந்து கெளம்பி இந்தச் செவுத்துக்குள்ள வந்து ஒக்காந்திருக்கேன்.

15 ஓகஸ்ட்

விடிந்ததும் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. வெளியே அந்த வயதான டிரைவரின் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லீவில் வந்த மனுஷன்! அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை போல.

பக்கத்தில் போய் நின்று, நீர்நாயை யார் பார்த்தது என்று கேட்டேன்.

துணியைப் பிழிந்தார். “ஒரு வெள்ளக்கார அம்மா. பின் சீட்டுல இருந்து புருஷன்கிட்ட சொல்லிக்கிட்டு வந்தாங்க. நான் ஓட்டிக்கிட்டே கண்ணாடியில அவங்க கையப் பாத்தேன்.”

“அப்ப மத்ததெல்லாம்? யானை? கடல்ல பெரிய மீனு?”

“எல்லாம் அப்புடித்தான்.”

 பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் வந்தா நீ கதவுகிட்டயே நிப்ப. என்ன பாத்தீங்கன்னு கேப்ப. நாலு செவுத்துக்குள்ள கெடக்குறவ கேக்குறப்ப, வேன் நிப்பாட்டுற எடத்தப் பாத்தேன்னு எப்புடி புள்ள சொல்றது?”

கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. ஆனால் நின்று அழுதேன், அது எனக்காக மட்டும் இல்லை. இவர் ஊர் ஊராகப் போகிறார், நான்தான் அடைந்து கிடக்கிறேன் என்று நினைத்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரோட்டோடு கொஞ்சம் நடந்தால் ஊர்க்காரர்கள் குளிக்கிற துறை என்று அந்த டிரைவர் வழி காட்டினார். போனோம். சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். ஐஸ் மாதிரி இல்லை, எங்கள் பீலித் தண்ணீரை விடச் சூடு. நீர்நாய் வரவில்லை. மேலே, மரங்களுக்கு நடுவில், அந்த வராந்தா. ஒரு வெள்ளைக்காரர் பைனாகுலரை எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்மளத்தான் நீர்நாயின்னு நெனச்சுட்டாரு” என்றேன்.

இவர் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

15 ஓகஸ்ட், சாயந்திரம்

வீட்டுக்கு வந்து பையை வைக்கவில்லை, மாமி கதவடியிலேயே நிற்கிறார். மாமாவின் துணி கையில் இருக்கிறது. இரண்டு நாளில் மாமி முகமே வாடிப்போயிருந்தது.

“பாத்தியா அந்த நாய?”

இவர் எனக்குப் பின்னால் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“பாத்தேன் மாமி” என்றேன். குட்டி மீனைப் பிடித்ததை இரண்டு கையாலும் காட்டினேன். மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்து மாமா “ஏ...” என்றார். அவருக்கும் போய்க் காட்டினேன்.

30 ஓகஸ்ட்

இவர் போய்விட்டார். பேச்சு இன்னும் சரியாகவில்லை. மாமாவுக்கு நெஞ்சுச் சளி. கதவு மூடியே இருக்கிறது.

9 ஒக்டோபர்

இன்று சாயந்திரம் வந்தார். இத்தாலிக்காரர்களோடு தெற்குப் பக்கம் ஒரு சுற்று. பழக்கத்தில் எழுந்து கதவடிக்குப் போய்விட்டேன். அவரும் பழக்கத்தில் வாயைத் திறந்தார், பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

நான் என்ன பார்த்தீங்க என்று கேட்கவில்லை.

“படுத்த எடத்துல ஜன்னல் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

கழற்றிய செருப்பு கையில் இருக்க, அப்படியே நின்றார். “இல்ல” என்றார். உள்ளே வந்து, மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குசினிப் புகை முழுக்க அந்த அறைக்குத்தான் வரும் என்றார். மூட்டைப்பூச்சி என்றார். பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் தேத்தண்ணி ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். அது ஆறிப்போனது.